மூன்று மா நிலம்: கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனின் கடைமடைத் தொண்டு குறித்த நிகழ்வு ஆய்வு

காவிரிப் பாசனத்தின் கடைசி முனையான எங்கள் கடைமடைப் பகுதியில் பத்திரத்தில் ஏக்கர் என்று எழுதுவார்கள். களத்துமேட்டில் பேசும்போது மா என்றுதான் பேசுவார்கள். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஒரு வேலி ஏறத்தாழ 6.67 ஏக்கர் என்பதால், ஓர் ஏக்கருக்கு மூன்று மா வரும். பழைய தஞ்சை மாவட்டத்தின் பெரிய குடும்பங்களுக்கும் மடங்களுக்கும் கோயில்களுக்கும் சொத்து வேலிக் கணக்கில் இருந்தது. அந்த நிலத்தில் பரம்படித்து, நாற்றுப் பறித்து, நட்டு, களையெடுத்து, அறுத்து, போரடித்துக் கொடுத்தவர்களுக்கு ஒரு குழி கூட இல்லை. குடியிருந்த குடிசையின் தரையும் பண்ணைக்குச் சொந்தம்.

நிலமே இல்லாதிருந்த குடும்பங்களுக்கு ஆளுக்கு மூன்று மா வீதம் நிலம் கைமாறிய கதையை இங்கே ஆராய்கிறேன். அதைச் செய்தவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். 1981-இல் தன் கணவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனோடு சேர்ந்து அவர் தொடங்கிய அமைப்பு லாஃப்டி (LAFTI, Land for the Tillers' Freedom). உழுகிறவருக்கு நிலம் சேர வேண்டும் என்பது அதன் நோக்கம். 2007-ஆம் ஆண்டுக்குள் அந்த அமைப்பின் வழியாக ஏறத்தாழ 13,000 ஏக்கர், ஏறத்தாழ 13,000 குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. எங்கள் கணக்கில் சொன்னால் 1,950 வேலிக்குக் கொஞ்சம் குறைவு.

கிராமங்களில் நற்பணி மன்றம் நடத்தும் இளைஞர்களையும், சிறிய தொண்டு அமைப்புகளில் வேலை செய்கிறவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கிருஷ்ணம்மாள் பெயரைக் கேட்டதும் பலர் விருதுகளைச் சொல்வார்கள். 1989-இல் பத்மஸ்ரீ, 2008-இல் கணவருடன் சேர்ந்து ரைட் லைவ்லிஹுட் விருது, 2020-இல் பத்மபூஷண். இவை தெரிந்தவைதான். நமக்குத் தெரிய வேண்டியது, கடும் கோபத்தையும் துயரத்தையும் தந்த ஒரு சம்பவத்திலிருந்து சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகும் ஒரு கிரயப் பத்திரம் வரை அவர் எப்படி நடந்து வந்தார் என்பது. அந்த நடைக்குப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின.

வெளியூரிலிருந்து வந்தவர்

கிருஷ்ணம்மாள் காவிரிக் கரையில் பிறந்தவர் அல்லர். 1926-இல் இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தில், வத்தலக்குண்டுப் பக்கத்தில் உள்ள அய்யன்கோட்டையில், நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தார். அந்தக் காலத்தில் அப்படி ஒரு குடும்பத்துப் பெண் கல்லூரி வரை படித்தது எளிய காரியம் அன்று. மதுரையில் படித்த காலத்தில் டாக்டர் சௌந்தரத்தின் ஆதரவு அவருக்குக் கிடைத்தது. 1947-இல் காந்திகிராமத்தை நிறுவிய அதே சௌந்தரம். சர்வோதய வேலைக்குள் கிருஷ்ணம்மாள் வந்தது அந்த வழியாகத்தான். வள்ளலார் மீது அவருக்கு இருந்த பற்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பசித்தவருக்குச் சோறு போடுவதையே வழிபாடாக வைத்து 1867-இல் வடலூரில் தருமசாலை தொடங்கியவரின் வழியில் வந்தவருக்கு, பசியின் வேரைத் தேடிப் போனால் நிலத்தில் போய் நிற்கும் என்று தோன்றியதில் வியப்பில்லை.

ஜெகந்நாதன் 1914-இல் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். காந்தியின் அழைப்பைக் கேட்டு 1930-இல் கல்லூரியை விட்டார். 1942-இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் சிறைக்குப் போனார். விடுதலை பெற்ற நாட்டில்தான் திருமணம் என்று இருவரும் காத்திருந்து 1950-இல் மணந்துகொண்டார்கள். சாதி கடந்த திருமணம் அது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 18 அன்று, தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் நிலம் வைத்திருப்பவரிடம் தானமாகக் கேட்டுப் பெறும் பூமிதான இயக்கத்தை வினோபா பாவே தொடங்கினார். ஜெகந்நாதன் வடக்கே வினோபாவோடு நடந்தார். கிருஷ்ணம்மாள் சென்னையில் ஆசிரியர் பயிற்சியை முடித்தார். பிறகு இருவரும் தமிழ்நாட்டில் பூமிதான, கிராமதான வேலைகளில் 1968 வரை இருந்தார்கள்.

அந்த ஆண்டுகளை நான் இங்கே விரிக்கப் போவதில்லை. ஆனால் அவற்றிலிருந்து அவர்கள் கொண்டுவந்த ஒரு பாடம் பின்னால் நடந்ததை விளக்குகிறது. தானமாக வந்த நிலத்தில் பெரும்பகுதி புன்செய், கரடு, அல்லது வழக்கில் கிடந்த நிலம். காவிரிப் பாசனத்து நன்செய் நிலத்தை யார் தானம் கொடுப்பார்? மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்த பின் குறுவையும் தாளடியும் நம்பி நடக்கக்கூடிய இருபோக மண் இது. கேட்டுக் கொடுக்கும் மனம் ஓரிருவருக்கு இருக்கலாம். ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வாழ்வை அந்த ஓரிருவரின் மனத்தில் கட்ட முடியாது.

வெண்மணிக்குப் பிறகு

1968 டிசம்பர் 25. கூடுதல் கூலியாக அரைப்படி நெல் கேட்டதில் முற்றிய தகராறு, கீழத்தஞ்சையின் கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் எரிக்கப்பட்டதில் முடிந்தது. பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. இதைத் தெரியாத தமிழ் வாசகர் இருக்க மாட்டார். ஆனாலும் இந்த ஆய்வில் அதை எழுதாமல் கடந்து போக என் கை வரவில்லை.

செய்தியறிந்து அந்த வட்டாரத்துக்குப் பலர் வந்தார்கள். கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் வந்தார்கள், தங்கிவிட்டார்கள். கிருஷ்ணம்மாளுக்கு அப்போது வயது 42. அதற்குப் பின் அவருடைய வேலைக்களம் கீழத்தஞ்சைதான். அந்த நிலப்பரப்பு 1991-இல் நாகப்பட்டினம் மாவட்டமாகி, 1997-இல் திருவாரூர் பிரிந்து, பிறகு மயிலாடுதுறையும் தனியானது. மாவட்டப் பெயர்ப்பலகை மூன்று முறை மாறும் வரை ஒரே இடத்தில் வேலை செய்த தொண்டர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

இந்த இடத்தில் சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஏனென்றால் "சட்டம் போட்டாயிற்றே, தனியார் அமைப்பு எதற்கு?" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. 1952-இல் தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961-இல் நில உச்சவரம்புச் சட்டம் வந்து, ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்று வரம்பு வைத்தது. 1970-இல் அது 15 ஆகக் குறைந்தது. வெண்மணிக்கு அடுத்த ஆண்டு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம். 1971-இல் குடியிருப்பு மனைக்கு உரிமை தரும் சட்டம்; குடிசைக்குக் கீழே இருந்த தரை அதன் பிறகுதான் குடியிருந்தவருக்குச் சொந்தமானது. நான்கும் நல்ல சட்டங்கள். ஆனால் உச்சவரம்பு பினாமிப் பெயர்களிலும் அறக்கட்டளைகளிலும் கரைந்தது. ஒரே நிலம் வேலைக்காரர் பெயரிலும், தூரத்து உறவினர் பெயரிலும், இன்னும் பிறக்காத பேரன் பேருக்கு வைத்த அறக்கட்டளையிலும் இருந்தால், தாசில்தார் அளக்கிற சங்கிலி எதைத்தான் அளக்கும்?

கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் போராடினார்கள், மறியல் செய்தார்கள், நில மீட்புக்காகச் சிறை சென்றார்கள். இப்படிப் பதின்மூன்று ஆண்டுகள். அதற்குப் பிறகுதான் லாஃப்டி. இளைஞர் அமைப்புகளோடு பேசும்போது நான் மறுபடி மறுபடி நின்று சொல்லும் இடம் இது. 1981-இல் கிருஷ்ணம்மாளுக்கு 55 வயது. அரசு வேலையில் இருப்பவர் ஓய்வூதியக் கணக்குப் போடத் தொடங்கும் வயது. தன் வாழ்நாளின் மிகப் பெரிய வேலையை அவர் அந்த வயதில்தான் தொடங்கினார். அதுவரை நடந்தது எல்லாம் அந்த மண்ணைப் படித்தது என்றே எனக்குப் படுகிறது. எந்த ஊரில் எந்தக் குடும்பம் கடனில் இருக்கிறது, யார் பிள்ளைகள் பட்டணத்தில் குடியேறிவிட்டார்கள், எந்த நிலம் விற்பனைக்கு வரும், எந்தத் தெருவில் கூட்டாக நின்று கடனைத் திருப்பிக் கட்டும் பெண்கள் இருக்கிறார்கள் என்பதெல்லாம் வந்து தங்கியவருக்கு மட்டும் தெரியக்கூடியவை.

ஓர் ஏக்கர் எப்படிக் கைமாறியது

லாஃப்டியின் முறையைச் சுருக்கமாகச் சொன்னால் மிகச் சாதாரணமாகத் தெரியும். நிலம் வைத்திருப்பவரையும் நிலமில்லாதவரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்துப் பேசி, நியாயமான விலை பேசி, வங்கிக் கடன் பெற்று, நிலத்தை வாங்கிக் குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் வீதம் பதிவு செய்து, சேர்ந்து பயிரிட்டுக் கடனை அடைப்பது. அவ்வளவுதான். இதில் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் எத்தனை நாள் அலைச்சல் இருக்கிறது என்பது நிலம் வாங்கியவர்களுக்குத் தெரியும்.

முதலில் உட்கார வைப்பது. தெருவுக்குள் செருப்புப் போட்டு நடக்க முடியாமல் இருந்த ஒருவர், மிராசுதாருக்கு எதிரில் சமமாக உட்கார்ந்து "என்ன விலை சொல்கிறீர்கள்?" என்று கேட்பது இங்கே ஒரு சமூக நிகழ்வு. விலை படிந்தாலும் படியாவிட்டாலும் அந்த உட்காருதல் நடந்துவிட்டது என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

பிறகு நிலத்தின் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, அடங்கல். தலைமுறை தலைமுறையாகப் பாகம் பிரிக்காமல் கிடக்கும் கூட்டுப் பட்டா என்றால் எல்லாப் பங்காளிகளிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். ஒருவர் சென்னையில் இருப்பார், ஒருவர் பேச்சை நிறுத்திப் பத்து ஆண்டுகள் ஆகியிருக்கும். அது முடிந்தால் உட்பிரிவு. ஐம்பது ஏக்கரை ஐம்பது குடும்பத்துக்குப் பிரித்தால் ஐம்பது உட்பிரிவு எண், ஐம்பது வரைபடம். ஒவ்வொரு துண்டுக்கும் வாய்க்காலிலிருந்து தண்ணீர் வர வழி வேண்டும், வடிய வழி வேண்டும். மடையிலிருந்து தள்ளி விழுந்த துண்டு யாருக்கு என்பதில் சண்டை வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது வங்கி. நிலம் வாங்கக் கடன் கேட்டால் வங்கி ஈடு கேட்கும். ஈடாக வைக்க இவர்களிடம் இருக்கப்போவது அந்த நிலம் ஒன்றுதான். ஆனால் கடன் வந்தால்தான் நிலமே வரும். இந்த முடிச்சில்தான் தொடக்க ஆண்டுகளில் வேலை நின்றது. வங்கிகள் கொடுக்கத் தயங்கின. நிலத்தின் விலைக்கு மேல் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் ஒரு பெரிய தொகை. ஐந்து ஏக்கர் வாங்குகிறவருக்கு அது செலவு; வாழ்நாளில் முதல் ஏக்கரை வாங்குகிறவருக்கு அது சுவர். கிருஷ்ணம்மாள் அந்த அலுவலகங்களுக்குத் திரும்பத் திரும்பப் போனார். மறுத்தால் மறுநாளும் போனார். லாஃப்டியின் முறையை ஒட்டி அரசும் பின்னாளில் நிலம் வாங்கக் கடன் தரும் வழியைப் பின்பற்றியது.

இன்று தமிழ்நாட்டில் தாட்கோ என்ற அரசுக் கழகத்தின் வழியாக ஆதிதிராவிட, பழங்குடிப் பெண்கள் விவசாய நிலம் வாங்க "நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம்" இருக்கிறது. நிலத்தின் மதிப்பில் 50 சதவீதம், அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம். முத்திரைத் தீர்வைக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் விலக்கு. அந்தத் திட்டத்தின் விதிகளைப் படித்தபோது, லாஃப்டி ஒரு காலத்தில் மோதிய ஒவ்வொரு கதவின் பெயரும் அதில் வரிசையாக இருப்பது போல எனக்குத் தோன்றியது.

நிலத்தைப் பெண்கள் பெயரில் பதிந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். நடவும் களையும் பெண்கள் கையில் நடப்பவை. குனிந்து நடும் கைக்குச் சொந்தமாகப் பத்திரத்தில் ஒரு பெயர் இல்லாதது இந்த மண்ணின் நெடுநாள் அநீதி. அதோடு நடைமுறைக் காரணமும் உண்டு. சாராயக் கடையிலோ வட்டிக்காரரிடமோ ஒரே இரவில் கைமாறக்கூடியது ஆணின் பெயரில் உள்ள நிலம். வீட்டுக்காரியின் கையெழுத்து இல்லாமல் போகாது என்றால் அடுத்த தலைமுறைக்கு அது மிஞ்சும். பெண்களை நம்பிய இந்த முடிவை லாஃப்டி எடுத்த முடிவுகளில் மிகச் சரியானதாக நான் மதிக்கிறேன்.

1981 முதல் 2007 வரை 26 ஆண்டுகள், 13,000 ஏக்கர். சராசரியாக ஆண்டுக்கு 500 ஏக்கர், வாரத்துக்குப் பத்து ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. பெரும்புரட்சியின் வேகம் இதில் இல்லை. வாரத்துக்குப் பத்து குடும்பம் என்று கால் நூற்றாண்டு விடாமல் செய்தால் வரும் தொகை இது.

வேலையில்லாத நான்கு மாதம்

மேட்டூரிலிருந்து தண்ணீர் திறக்கும் நாள் வழக்கமாக ஜூன் 12. சம்பா அறுவடை தை, மாசியில் முடிந்துவிடும். பங்குனி தொடங்கி ஆனி வரை வயலில் வேலை இல்லை. கடைமடையில் தண்ணீர் வந்து சேரத் தாமதமானால் இன்னும் நீளும். அந்த இடைவெளியில்தான் பையன்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறுகிறார்கள். போனவர்களில் பலர் திரும்புவதில்லை. நிலம் கிடைத்த குடும்பத்தின் பிள்ளை நிலத்தை விட்டுப் போனால் அந்த மூன்று மா மறுபடி யாரிடம் போகும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நம் ஊர் இளைஞர் அமைப்புகள் பொங்கலுக்கு விளையாட்டுப் போட்டி நடத்துகின்றன, நோட்டுப் புத்தகம் கொடுக்கின்றன, இரத்த தான முகாம் வைக்கின்றன. நல்லவைதான். கிருஷ்ணம்மாள் பார்த்தது அந்த நான்கு மாதத்தை. பாய் நெசவு, தையல், தச்சு, கொத்து வேலை, குழாய் வேலை, கணினி, மின்னணுக் கருவிப் பழுது என்று விவசாயம் இல்லாத பருவத்துக்கான பயிற்சிகளை லாஃப்டி நடத்தியது. கூத்தூரில் உள்ள ஆசிரமம் அந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்குப் போக்கிடமாக இருந்தது. கொத்து வேலையும் தச்சும் கற்றவர்களுக்கு ஊருக்குள்ளேயே வேலையும் இருந்தது: மழைக்காலத்தில் நனைந்து சரியும் மண் குடிசைகளைக் கல்வீடுகளாக மாற்றும் வேலை. கிருஷ்ணம்மாளின் பிற்காலத்தில் பெரும் உழைப்பு அதற்குத்தான் போனது. நிலம், தொழில், வீடு மூன்றும் ஒன்றையொன்று தாங்கும்படி அமைந்ததை, தனித்தனித் திட்டங்களாக எழுதிப் பழகிய நாம் கவனிக்க வேண்டும்.

உப்பு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எதிராளி மாறினார். உள்ளூர் மிராசுதாரிடம் பேசலாம். முகம் தெரியும், ஊர்த் திருவிழாவில் பார்த்திருப்போம். இப்போது வந்தவை பெருநகரங்களின் நிறுவனங்கள். நாகை வட்டாரக் கடற்கரையை ஒட்டி இறால் பண்ணைகள் பெருகின. விளைநிலத்தை வாங்கிக் குளமாக வெட்டி, கடல்நீரை மோட்டார் வைத்து ஏற்றி இறால் வளர்த்தார்கள். குளத்து உப்பு பக்கத்து வயலில் ஊறியது, குடிநீர்க் கிணற்றில் இறங்கியது. தீவனமும் மருந்தும் கலந்த கழிவுநீர் வாய்க்காலில் போய்ச் சேர்ந்தது. நூறு ஏக்கர் நெல்வயலுக்கு நடவுக்கும் அறுப்புக்கும் எத்தனை பெண்கள் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். நூறு ஏக்கர் இறால் குளத்துக்குச் சில காவலாளிகள் போதும். சில ஆண்டுகளில் நோய் வந்து இறால் செத்தால் நிறுவனம் அடுத்த இடத்துக்குப் போய்விடும். உப்புப் பூத்த நிலம் இங்கேயே கிடக்கும்.

வாரத்துக்குப் பத்து ஏக்கர் என்று சேர்த்தவருக்கு இது எப்படி இருந்திருக்கும்! மறியலும் சத்தியாகிரகமும் நடந்தன. பெண்கள் முன்னால் நின்றார்கள். 1994-இல் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அவருக்கு அப்போது 80 வயது. நாக்பூரிலுள்ள நீரி என்ற தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் களத்துக்கு வந்து ஆய்வு செய்து நீதிமன்றத்தில் அறிக்கை தந்தது. 1996 டிசம்பர் 11 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங், சாகிர் அகமது அமர்வு தீர்ப்பளித்தது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் இறால் பண்ணைகளை 1997 மார்ச் 31-க்குள் அகற்ற வேண்டும்; பாரம்பரிய முறையிலும் மேம்படுத்திய பாரம்பரிய முறையிலும் வளர்ப்பவர்களுக்கு விலக்கு; விளைநிலத்தையும் உப்பளத்தையும் அலையாத்திக் காட்டையும் இறால் குளமாக மாற்றக்கூடாது; மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும்; வேலை இழக்கும் தொழிலாளருக்கு இழப்பீடு தர வேண்டும். இந்தியச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற மாணவர்கள் இன்றும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள்.

தீர்ப்போடு கதையை முடித்துவிடுவது வழக்கம். அது நேர்மையாகாது. தீர்ப்பு முழுதாக நிறைவேறவில்லை. மறுஆய்வு மனுக்கள் வந்தன, இடைக்காலத் தடை வந்தது, 1997-லேயே நாடாளுமன்றத்தில் மசோதா வந்தது. இறுதியில் 2005-இல் கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டம் நிறைவேறி, தீர்ப்பு தடுத்த தொழிலைப் பதிவு செய்து நடத்தும் வழியை உண்டாக்கியது. வேதாரண்யம் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் சாலையோரத்தில் நீரில் காற்றேற்றும் சக்கரங்கள் சுழலும் இறால் குளங்களை இன்றும் பார்க்கலாம். வென்ற வழக்கும் காவல் காக்க ஆளில்லாவிட்டால் கைவிட்டுப் போகும் என்பதை அந்த முதியவர் தன் கண்ணாலேயே பார்த்தார். 2013 பிப்ரவரி 12 அன்று ஜெகந்நாதன் மறைந்தார்.

எதிர்வாதங்கள்

கிருஷ்ணம்மாளின் வழியை ஏற்காதவர்கள் உண்டு. அவர்கள் கேட்கும் கேள்வி கனமானது. உழுதவனுக்கு உரிமையான நிலத்தை அவனே ஏன் விலை கொடுத்து வாங்க வேண்டும்? தலைமுறைகளின் உழைப்பால் ஏற்கெனவே விலை கொடுத்தாயிற்றே? செங்கொடி இயக்கம் இந்தக் கேள்வியைத்தான் கேட்டது. பண்ணையாட்களுக்குத் தண்டனையாகக் கொடுத்த சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் முடிவு கட்டியது பி. சீனிவாசராவ் போன்றவர்கள் கட்டிய விவசாய இயக்கம் என்பதை இந்த மண்ணில் யாரும் மறுக்க முடியாது.

என் கருத்தைச் சொல்கிறேன். பெரிய நிலக்காரர்கள் விலை பேச உட்கார்ந்ததற்கு அந்த இயக்கமும் ஒரு காரணம். அடங்கிக் கிடக்கும் ஆட்களைக் கொண்டு இனி பண்ணை நடத்த முடியாது என்ற நிலையை உருவாக்கியது கூலிப் போராட்டம். விற்கலாம் என்று நினைத்தவரிடம் முதலில் போய் நின்றது லாஃப்டி. கொள்கையால் எதிரெதிரே நின்ற இரு வேலைகள் ஒரே வயலில் ஒன்றுக்கொன்று உதவியிருக்கின்றன. இரு தரப்பு நண்பர்களும் இதை ஏற்றுக்கொள்வதில்லை. நான் மாற்றிக்கொள்ளவும் இல்லை.

இன்னொரு குறை, மூன்று மா போதுமா என்பது. போதாது. இரண்டு பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒன்றரை மா. டீசல், உரம், அறுவடை இயந்திர வாடகை எல்லாம் ஏறிய காலத்தில் அதை மட்டும் வைத்து ஒரு குடும்பம் வாழ முடியாது. ஆனால் நிலத்தின் பயன் நெல்லோடு நிற்பதில்லை. பட்டா இருக்கிறவர் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்கலாம், பயிர்க் காப்பீடு செய்யலாம், அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் தன் பெயரில் மூட்டை போடலாம். புயல் நிவாரணப் பட்டியலில் விவசாயி என்று பெயர் வரும். 2004 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடல்நீர் புகுந்து விளைநிலங்களும் கெட்டன. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது தென்னையும் கூரையும் போயின. இரண்டு முறையும் தாள் வைத்திருந்தவருக்கும் இல்லாதவருக்கும் கிடைத்தது ஒன்றாக இருக்கவில்லை. கூலித் தொழிலாளியின் இழப்பை அளக்கப் படிவத்தில் கட்டமே இல்லை.

மூன்றாவது குறையை அவருடைய அன்பர்களே சொல்வார்கள்: இவ்வளவும் ஒரே பெண்மணியைச் சுற்றி நடந்தது. அவருக்காகத் திறந்த கதவு இன்னொருவருக்குத் திறக்குமா? இதற்கு என்னிடம் ஆறுதலான பதில் இல்லை. அவரிடம் வேலை கற்ற பெண்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். வில்லங்கம் பார்க்கவும் அதிகாரி முன் நின்று பேசவும் தெரிந்தவர்கள். அவர்களைத் தேடிப் போய்க் கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டும். எங்களைப் போன்ற அமைப்புகள் அதைச் செய்யவில்லை.

எங்கள் மன்றம்

கஜாவுக்குப் பிறகு எங்கள் மன்றத்து இளைஞர்கள் இருபது பேர் மூன்று வாரம் தூங்காமல் வேலை செய்தோம். தார்ப்பாய், அரிசி, மெழுகுவர்த்தி, பால் பவுடர். வெளியூரிலிருந்து வந்த லாரிகளை இறக்கி, கடைசித் தெரு வரை கொண்டுபோய்ச் சேர்த்தோம். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கடைசித் தெருவில் ஒரு மூதாட்டி தார்ப்பாயை வாங்கிக்கொண்டு, "தம்பி, இந்த மனைக்குப் பட்டா வாங்கித் தர முடியுமா?" என்று கேட்டார். "பார்க்கிறோம் பாட்டி" என்றேன். லாரி கிளம்பிவிட்டது. நாங்களும் கிளம்பிவிட்டோம். அந்தக் கேள்வியை நான் மறுபடி நினைத்தது, கிருஷ்ணம்மாளைப் பற்றி இந்த ஆய்வுக்காகக் குறிப்பு எடுக்கத் தொடங்கியபோதுதான்.

இந்த ஆண்டு அந்தத் தெருவுக்குத் திரும்பப் போனோம். 34 வீடுகள். பதினோரு வீட்டுக்குப் பட்டா இருக்கிறது. ஆனால் இறந்தவர்கள் பெயரில் இருக்கிறது. ஒன்பது வீட்டில் வரி ரசீது மட்டும் உண்டு. மற்றவர்களிடம் ஒரு தாளும் இல்லை. தார்ப்பாய் வாங்கிய மூதாட்டி இப்போது இல்லை; அவர் மகள் அதே மனையில் இருக்கிறார். மன்றத்தில் இரண்டு பெண்கள் வாரிசுச் சான்றுக்கு எழுதப் பழகியிருக்கிறார்கள், ஒரு பையன் புல வரைபடம் படிக்கக் கற்றுக்கொண்டான். இதுவரை நான்கு முறை தாலுகா அலுவலகம் போய் வந்தாயிற்று. கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை வரவில்லை என்று நான்கு முறையும் சொன்னார்கள். வரும் செவ்வாய்க்கிழமை மறுபடி போகிறோம். இந்த முறை அந்தத் தெருப் பெண்கள் ஒன்பது பேர் எங்களோடு வருகிறார்கள்.